கேட்கத் தெரிந்தவருக்கு என்ன வேலை?

செங்கல் சூளையில் வளர்ந்த ஓர் இருளர் பெண் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரியில் சேரப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்குப் பழங்குடியினர் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் அதைத் தரும் அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியரிடம் இருக்கிறது. அவள் அப்பாவுக்கும் சான்றிதழ் இல்லை, தாத்தாவுக்கும் இல்லை. சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டும் இடம் என்று கொத்தடிமையாகவே அலைந்த குடும்பத்தில் காகிதத்தை யார் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள்? எப்படியோ அலைந்து வாங்கிவிடுகிறாள். படிப்பு முடிந்து அரசு வேலையும் கிடைக்கிறது. அப்போது அந்தச் சான்றிதழின் மெய்த்தன்மையைச் சரிபார்க்கிறார்கள். அந்தக் கோப்பு மாநில அளவிலான கூர்நோக்குக் குழுவுக்குப் போகிறது.

இந்தக் குழுக்களுக்கு அடிப்படை, 1994ல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிமுறைகள். பழங்குடி என்று சொல்பவர் கும்பிடும் தெய்வம், செய்யும் சடங்குகள், கல்யாண முறை, சாவுச் சடங்கு, பிணத்தைப் புதைக்கும் விதம் வரை விசாரித்து, அந்தச் சமூகத்தின் இயல்புகளோடு அவை பொருந்துகின்றனவா என்று பார்க்கச் சொன்னது நீதிமன்றம். அந்த மக்களை நெருங்கி அறிந்த ஆய்வு அலுவலர் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்த நாற்காலிக்குப் பொருத்தமான படிப்பு, மக்களின் வாழ்க்கைமுறையையும் வழக்கங்களையும் களத்துக்குப் போய் ஆராயும் மானிடவியல்.

இனி அந்த விசாரணையை நினைத்துப் பாருங்கள். "உங்கள் தெய்வம் எது?" "கன்னியம்மா." "மாசி மகத்துக்கு எங்கே போவீர்கள்?" வட தமிழ்நாட்டு இருளர்கள் ஆண்டுதோறும் மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். சேலையைக் கட்டிக் கூடாரம் போட்டு, மணலில் படி வைத்துக் கன்னியம்மனைக் கும்பிட்டு, அங்கேயே கல்யாணமும் பேசி முடிக்கிறார்கள். ஆனால் முன்பணக் கடனுக்காகச் சூளையில் அடைபட்டிருந்த குடும்பம் அங்கே போயிருக்கவே முடியாது. அவளுக்கு அந்தப் பாட்டும் தெரியாது, படியும் தெரியாது. கேள்வி கேட்பவர் வினாடி வினா நடத்துபவராக இருந்தால் அவள் தோற்றுவிடுவாள். கேட்கத் தெரிந்தவராக இருந்தால், அவளை விட்டுவிட்டு அவளுடைய ஆயாவைத் தேடிப் போவார். யாரை மாமா என்று கூப்பிடுகிறார்கள், கல்யாணத்துக்கு எங்கிருந்து பெண் எடுத்தார்கள், சாவுக்கு யார் யார் வந்தார்கள் என்று உட்கார்ந்து விசாரிப்பார். சடங்கு தெரியாமல் போனதற்கான காரணத்தையும் அறிக்கையில் எழுதுவார். இந்த இயல்புப் பொருத்தச் சோதனை இறுதித் தீர்ப்பாகிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2023 மார்ச்சில் தெளிவுபடுத்தியது. வளர்ந்த சூழலும் இடப்பெயர்வும் பழக்கவழக்கத்தை மாற்றிவிடும் என்பது களத்துக்குப் போனவர்களுக்கு எப்போதோ தெரிந்த செய்தி.

பயன்பாட்டு மானிடவியல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். ஒருவர் போய்ப் பொறுமையாகக் கேட்டு எழுதுகிறார். அதை வைத்து வேறொருவர் முடிவெடுக்கிறார். அந்த முடிவோடு மூன்றாவது ஆள் வாழ வேண்டியிருக்கிறது. பல்கலைக்கழகத்தில் எழுதும் ஆய்வேட்டில் பிழை இருந்தால் இன்னொரு பேராசிரியர் மறுப்பு எழுதுவார். இங்கே பிழை நேர்ந்தால் ஒரு பெண்ணின் வேலை போய்விடும்.

"எம்.ஏ. மானிடவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று மாணவர்கள் கேட்கும்போது நெட் தேர்வு, முனைவர் பட்டம், உதவிப் பேராசிரியர் என்ற ஒற்றை வழியைத்தான் பெரும்பாலும் காட்டுகிறோம். இன்னும் கொஞ்சம் தாராளமாக, குடிமைப் பணித் தேர்வுக்கு நல்ல விருப்பப் பாடம் என்போம். வழிகள் அதைவிட நிறைய இருக்கின்றன. ஆனால் எந்த வேலை கிடைக்கும் என்பதோடு, யார் சம்பளம் கொடுக்கிறார்கள், எழுதியதை யார் படிக்கப் போகிறார்கள் என்ற கேள்விகளும் சேர்ந்தே வர வேண்டும். இந்தத் துறையின் வரலாறு முழுக்க அந்தக் கேள்விகள்தான் ஓடுகின்றன.

அளந்தவரும் அளக்கப்பட்டவரும்

மானிடவியல் முதலில் பல்கலைக்கழகத்தில் பிறந்து பிறகு வெளியே வேலை தேடிப் போனது என்று நினைத்துக்கொள்கிறோம். நம் ஊரில் நடந்தது தலைகீழ். சென்னையில் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909ல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறை வந்தது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான். நிர்வாகத்தின் தேவைக்காகத்தான் இந்த அறிவு இங்கே முதலில் திரட்டப்பட்டது.

அந்த நிர்வாகம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? சில சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகள் என்று பட்டியலிட்டுக் கண்காணிக்கும் குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1871ல் கொண்டுவந்தது. 1911ல் அதைத் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் விரித்தது. கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். தர்ஸ்டன் அந்தச் சட்டத்தை எழுதவில்லை. ஆனால் ஒரு சாதிக்கென்று நிலையான குணம் உண்டு, அதை அட்டவணை போட்டுவிடலாம் என்ற எண்ணம் அவர் தொகுதிகளுக்கும் அந்தச் சட்டத்துக்கும் பொதுவானது. பயன்பாடு என்ற சொல்லைக் கேட்டதும் சந்தோஷப்பட்டுவிடாமல், யாருக்குப் பயன் என்று கேட்கும் பழக்கம் தமிழ் மாணவருக்கு எளிதாக வர வேண்டும். நம் தாத்தா பாட்டிகளின் கைரேகை அதில் இருக்கிறது.

மற்ற இடங்களிலும் கதை ரொம்ப வேறாக இல்லை. களப்பணியின் பிதாமகர் என்று பாடநூல்கள் கொண்டாடும் மலினோவ்ஸ்கி, 1929ல் ஆப்பிரிக்கக் காலனி நிர்வாகத்துக்கு மானிடவியல் எப்படி உதவலாம் என்று வாதிட்டுக் கட்டுரை எழுதினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க மானிடவியலாளர் பலர் அரசு வேலைக்குப் போனார்கள். பயன்பாட்டு மானிடவியலுக்கான சங்கம் அமெரிக்காவில் தொடங்கியது 1941ல். போர் முடிந்து பல்கலைக்கழகங்கள் பெருகியதும் எல்லோரும் திரும்பிப் போய்ப் பேராசிரியர்கள் ஆனார்கள். வெளி வேலை என்றால் இரண்டாம் தரம் என்ற மனநிலை அப்புறம்தான் கெட்டிப்பட்டது. இன்றும் அது முழுதாகப் போகவில்லை. பேராசிரியர் வேலை கிடைக்காதவர்தான் வெளியே போவார் என்று துறைக்குள்ளேயே ஒரு பேச்சு உண்டு. அது அநியாயமான பேச்சு. இந்தத் துறையின் மிக நுட்பமான கருத்துகள் சில, வெளியே வேலை பார்த்தவர்களிடமிருந்து வந்தவை.

பச்சைப் பொத்தான்

1980களின் தொடக்கம். கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் லூசி சச்மன் என்ற மானிடவியல் ஆய்வு மாணவி வேலை பார்த்தார். நிறுவனம் புதிதாக விட்ட நகல் இயந்திரம் குழப்பமாக இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சச்மன் அந்த மாதிரி இயந்திரம் ஒன்றை வைத்து, இருவர் இருவராக நிறுத்தி நகல் எடுக்கச் சொல்லி வீடியோ எடுத்தார். ஒருவரை மட்டும் விட்டால் வாயைத் திறக்காமல் திணறுவார். இருவர் என்றால், "இப்ப என்ன செய்யணும்?" "இதை அழுத்திப் பாரு" என்று பேசிக்கொள்வார்கள். யோசனை காதில் விழும். எளிமையான தந்திரம்தான், ஆனால் களப்பணி செய்து பழகியவருக்குத்தான் அது தோன்றும்.

ஒரு வீடியோவில் இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவர்களில் ஒருவர் ஆலன் நியூவெல். செயற்கை நுண்ணறிவுத் துறையைத் தொடங்கியவர்களில் ஒருவர், கணினித் துறையின் உயர்ந்த விருதான டூரிங் விருது பெற்றவர். இன்னொருவர் கணினி மொழியியலாளர். இரண்டு பேராலும் தாளின் இரு பக்கமும் நகல் எடுக்க முடியவில்லை. பிரச்சினை பயன்படுத்துபவரின் அறிவில் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மனிதர் முதலில் ஒரு திட்டம் போட்டு, அதன்படி படிப்படியாகச் செய்வார் என்று நம்பி வடிவமைத்திருந்தார்கள். உண்மையில் மனிதர்கள் அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிவதை வைத்து, தட்டுத் தடுமாறி, பேசிப் பேசிச் செய்கிறார்கள். இயந்திரத்துக்கோ பொத்தான் அழுத்தப்பட்டது மட்டும்தான் தெரியும்; எதிரே நிற்பவரின் முகச்சுளிப்பு தெரியாது. 1987ல் சச்மன் இதைப் புத்தகமாக எழுதினார். கணினிக்கும் மனிதருக்கும் இடையிலான உறவைப் பற்றிப் பேசுபவர்கள் இன்றும் அதற்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. நகல் இயந்திரத்தின் பெரிய பச்சைப் பொத்தான், மானிடவியலாளர் கொடுத்த யோசனையில் வந்தது என்று வணிகப் பத்திரிகைகள் எழுதிப் பரப்பின. சச்மன் பிற்பாடு அதை மறுத்தார். பச்சைப் பொத்தான் முன்பே இருந்தது. அதை அழுத்தினால் போதும் என்ற விளம்பரம்தான், பழகக் கொஞ்ச காலம் பிடிக்கும் என்ற உண்மையை மறைத்தது என்பது அவர் வாதம். ஒரு நுட்பமான விமரிசனத்தை நிறுவனம் ஒரு பொத்தானாகச் சுருக்கி விற்றுவிட்டது. நிறுவனங்களில் வேலை பார்க்கப் போகும் மாணவர்கள் இந்த வாலையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறு மாதம் பார்த்ததை அறுபது வினாடியில் சொல்லச் சொல்வார்கள். எதைச் சுருக்க அனுமதிக்கலாம், எதை விடவே கூடாது என்பது அங்கே தினசரிப் போராட்டம்.

அதே மையத்தில் ஜூலியன் ஓர் என்பவர், இயந்திரம் பழுது பார்க்கும் தொழிலாளர்களோடு சுற்றினார். அவரே அந்த மாதிரி வேலை பார்த்துவிட்டு வந்தவர். காலையில் டிபன் சாப்பிடும்போதும் மதியச் சாப்பாட்டிலும் அவர்கள் இயந்திரக் கதைகளாகவே பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். மேலிடத்துப் பார்வையில் அது வெட்டிப்பேச்சு. ஆனால் கையேட்டில் இல்லாத பழுதுகளுக்கு மருந்து அந்தக் கதைகளில்தான் இருந்தது. நிறுவனம் பிறகு தொழிலாளர்களே குறிப்பெழுதிப் பகிரும் யுரேகா என்ற தரவுத்தளத்தை உருவாக்கியது. நம் ஊர் மெக்கானிக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ஆனால் அதை ஒரு பெரிய நிறுவனத்தின் காதில் விழும்படி எழுதிக் காட்ட ஒருவர் தேவைப்பட்டார்.

ஒரு பொருளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கும் பயனர் ஆய்வு என்ற பெயரில் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் நிறுவனங்கள் ஆள் எடுக்கும் வேலைக்கு வேர் இதுதான். இன்டெல் நிறுவனம் 1998லேயே ஜெனிவீவ் பெல் என்ற ஆஸ்திரேலிய மானிடவியலாளரை வேலைக்கு வைத்தது. நிறுவனங்களில் இனவரைவியல், அதாவது மக்களோடு கூடவே இருந்து பார்த்து எழுதும் ஆய்வு, செய்பவர்களுக்கென்றே 2005 முதல் தனி மாநாடு நடக்கிறது. மானிடவியல் படித்தவருக்கு இந்த வேலைகளில் சம்பளம் மற்ற இடங்களைவிட நன்றாகவே இருக்கும். படிப்பின் பெயரை மட்டும் விளம்பரத்தில் தேடக் கூடாது. "மானிடவியலாளர் தேவை" என்று யாரும் போடுவதில்லை.

யானைப்புல் கம்பம்

2000ம் ஆண்டு உகாண்டாவின் குலு பகுதியில் எபோலா வந்தபோது, பேரி ஹூலட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் உலக சுகாதார நிறுவனத்தின் குழுவோடு போனார். மக்களின் பழக்கவழக்கம் நோயைப் பரப்புகிறது, அதை எப்படி நிறுத்துவது என்ற கோணத்தில்தான் அப்போதெல்லாம் மருத்துவக் குழுக்கள் பேசும். ஹூலட் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டபோது வேறொன்று தெரிந்தது. அங்குள்ள அச்சோலி மக்களிடம் 'கெமோ' என்று ஒரு கருத்து இருந்தது. காற்று மாதிரி திடீரென்று வந்து நிறைய பேரை அடித்துப் போடும் கெட்ட சக்தி. கெமோ வந்துவிட்டது என்று முடிவானால், ஊருக்கென்று கட்டுப்பாடுகள் உண்டு. நோயாளியைத் தள்ளி ஒரு வீட்டில் வைப்பார்கள். அந்த நோய் வந்து பிழைத்தவர்தான் சாப்பாடு கொடுப்பார். வீட்டு முன்னால் யானைப்புல் தண்டுகளை அடையாளமாக நட்டுவைப்பார்கள். ஆட்டம் பாட்டம் கிடையாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

படிக்கும்போதே நமக்கு நிலைப்படியில் செருகிய வேப்பிலை ஞாபகம் வருகிறது. அம்மை போட்ட வீட்டுக்கு யாரும் போக மாட்டார்கள், அந்த வீட்டுக்காரர்களும் வெளியூர் போக மாட்டார்கள், தாளிக்க மாட்டார்கள், தண்ணீர் ஊற்றும் வரை ஊரே அடக்கமாக இருக்கும். தனிமைப்படுத்தல் என்ற சொல் வருவதற்கு முன்பே அந்த நடைமுறை இருந்தது. குலுவிலும் அப்படித்தான். மக்களிடம் ஏற்கெனவே இருந்த கட்டுப்பாட்டோடு கைகோத்தாலே மருத்துவக் குழுவின் வேலை பாதி குறையும் என்பதுதான் அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டது.

ஆனால் பாடம் பரவவில்லை. 2014ல் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா வெடித்தபோது, வெள்ளை உடை போட்ட ஆட்கள் வந்து பிணங்களைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். குளிப்பாட்டி, தொட்டு அழுது அனுப்புவது அங்கே வழக்கம். நோய் பரவியதும் அதன் வழியாகத்தான். மருத்துவர்கள் சொன்னதில் தவறில்லை. ஆனால் தாயைக் கடைசியாகப் பார்க்கவும் விடாமல் எடுத்துப் போனால் அடுத்த நோயாளியை யார் காட்டிக்கொடுப்பார்கள்? மக்கள் பிணங்களை ஒளித்தார்கள், குழுக்களை விரட்டினார்கள். 2014 செப்டம்பரில் கினியின் வோமி என்ற ஊரில் விழிப்புணர்வுக்குப் போன எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள்.

கினியில் ஒரு கர்ப்பிணி எபோலாவில் இறந்தபோது, வயிற்றுச் சிசுவோடு புதைப்பது அந்தச் சமூகத்தில் பெரும் குற்றம் என்று குடும்பம் மறுத்தது. சிசுவை வெளியே எடுப்பது தொடுபவர் அத்தனை பேருக்கும் ஆபத்து. அங்கே பணியில் இருந்த மானிடவியலாளர், இந்த மீறலுக்குப் பரிகாரச் சடங்கு எதுவும் உண்டா என்று விசாரித்து, அது தெரிந்த ஆளைக் கண்டுபிடித்தார். சடங்கு நடந்தது, அடக்கமும் பாதுகாப்பாக நடந்தது. 2014 இறுதியில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அடக்க நெறிமுறையின் பெயரிலேயே 'பாதுகாப்பான' என்ற சொல்லோடு 'கண்ணியமான' என்ற சொல்லும் சேர்ந்தது. குடும்பத்தினர் தள்ளி நின்று பார்க்கலாம், பிரார்த்தனை செய்யலாம் என்று விதிகள் வந்தன. அந்தக் கொள்ளைநோயில் 11,300க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முதல் வாரத்திலேயே போய்க் கேட்டிருந்தால் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று கணக்குப் போட முடியாது. ஆனால் அதை நினைக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. தீயணைப்பு வண்டி மாதிரி, பற்றிய பிறகு கூப்பிடும் ஆளாகத்தான் மானிடவியலாளரை இன்னும் வைத்திருக்கிறார்கள்.

அணையின் கணக்கு

ஒரு முழு வாழ்க்கையை இந்த வேலையில் கழித்தால் எப்படி இருக்கும் என்பதற்கு தேயர் ஸ்கடர் என்பவரைச் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவில் பேராசிரியர், கூடவே உலக வங்கி போன்ற அமைப்புகளுக்கு ஆலோசகர். 1956ல் எலிசபெத் கோல்சனோடு ஆப்பிரிக்காவின் ஜாம்பெசி ஆற்றங்கரைக்குப் போனார். கரிபா அணை கட்டுவதால் சுமார் 57,000 க்வெம்பே டோங்கா மக்கள் ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது. போவதற்கு முன்பே அவர்கள் வாழ்க்கையைப் பதிவு செய்து, போன பிறகும் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அதே மக்களிடம் போனார்கள். இடம்பெயர்ந்தால் மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்பதை அவ்வளவு நீளமாகத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் உலகத்தில் குறைவு.

உலக வங்கி 1974ல் மைக்கேல் செர்னியா என்ற சமூகவியலாளரை வேலைக்கு எடுத்தது. இடம்பெயர்க்கப்படுபவர்களுக்கு மறுவாழ்வு தர வேண்டும் என்ற கொள்கையை வங்கி 1980ல் ஏற்றதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்கடர் அந்தக் கொள்கைக் காலத்து ஆலோசகர். 1983ல் நர்மதையின் சர்தார் சரோவர் திட்டத்தைப் பார்க்க அனுப்பப்பட்டு, மறுவாழ்வு ஏற்பாடுகள் போதவில்லை என்று எழுதினார். இருந்தும் கடன் கொடுக்கப்பட்டது. பிறகு நடந்த போராட்டமும், 1992ல் வந்த சுயேச்சைக் குழு அறிக்கையும், 1993ல் இந்தியா மிச்சக் கடனை வேண்டாம் என்றதும் நமக்குத் தெரியும். பிற்பாடு அமைந்த உலக அணைகள் ஆணையத்தில் ஸ்கடரும் உறுப்பினர், நர்மதைப் போராட்டத்தை நடத்திய மேதா பட்கரும் உறுப்பினர்.

சரியாகக் கட்டினால் நல்ல அணை சாத்தியம் என்று நம்பித்தான் ஸ்கடர் உள்ளேயே இருந்தார். லாவோஸ் நாட்டின் நாம் தூன் 2 அணை அதை நிரூபிக்கும் என்று எதிர்பார்த்தார். கடைசியில் 2014ல், எண்பது வயதைத் தாண்டியவராக, பெரிய அணைகள் அவற்றால் வரும் நஷ்டத்துக்கு ஈடாகாது என்று சொன்னார். அரை நூற்றாண்டுக்கு மேல் வேலை பார்த்துவிட்டு அப்படிச் சொல்ல மனத்திடம் வேண்டும். உள்ளே இருந்து திருத்துவதா, வெளியே நின்று எதிர்ப்பதா என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கை ஒற்றை விடை தரவில்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. பல்கலைக்கழகத்தில் ஒரு கால் ஊன்றியிருந்ததால்தான், சம்பளம் தருபவருக்குப் பிடிக்காததை எழுதிவிட்டு அடுத்த ஆண்டும் களத்துக்குப் போக முடிந்தது. ஒப்பந்த ஆலோசகராக மட்டும் இருப்பவருக்கு அந்தத் தரை கிடையாது. சில வாரத்தில் அறிக்கை கேட்பார்கள், பணம் தவணையில் வரும், கடைசித் தவணை அறிக்கையை அவர்கள் ஏற்ற பிறகுதான்.

ராணுவ வேலை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. ஆய்வு என்ற போர்வையில் உளவு பார்த்தவர்களை 1919ல் பத்திரிகையில் கண்டித்தார், அமெரிக்க மானிடவியலின் தந்தை எனப்படும் ஃபிரான்ஸ் போவாஸ்; அமெரிக்க மானிடவியல் சங்கம் அவரையே கண்டித்தது. 2007ல் அமெரிக்க ராணுவம் ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் படைகளோடு சமூக அறிவியலாளர்களை அனுப்பியபோது, அதே சங்கத்தின் நிர்வாகக் குழு எதிர்த்தது. அந்தத் திட்டத்தில் போன ஆய்வாளர்கள் மூவர் உயிரிழந்தார்கள். 2014ல் திட்டம் மூடப்பட்டது. துப்பாக்கியோடு வந்தவரிடம் ஒருவர் சொல்லும் பதிலை எந்த நேர்மையான ஆய்வாளரும் தரவாக வைத்துக்கொள்ள முடியாது.

சட்டம் தரும் வேலை

இந்த வேலைகள் எங்கிருந்து முளைக்கின்றன என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரு சட்டப் பிரிவிலிருந்து. அமெரிக்கத் தொல்லியலாளர்களில் பெரும்பான்மையோர் பல்கலைக்கழகத்தில் இல்லை, ஆலோசனை நிறுவனங்களில் இருக்கிறார்கள். காரணம் 1966ல் வந்த வரலாற்றுச் சின்னப் பாதுகாப்புச் சட்டம். அரசுப் பணத்தில் சாலை போடும் முன் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும் என்றது அது. சட்டம் கட்டாயப்படுத்தியதும் ஒரு தொழிலே எழுந்து நின்றது.

இந்தியாவில் 2013ன் நில எடுப்புச் சட்டம், நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்யச் சொன்னது. எத்தனை குடும்பம், யாருக்குப் பட்டா இல்லை, குத்தகைக்காரர் எத்தனை பேர், மேய்ச்சலுக்கு எங்கே போவார்கள், சுடுகாடு எங்கே என்று ஊரில் உட்கார்ந்து எழுத வேண்டிய வேலை. மானிடவியல் படித்தவருக்கென்றே அளந்து தைத்த சட்டை மாதிரி. ஆனால் தமிழ்நாடு ஒரு திருத்தத்தால், நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் எடுக்கும் தன் பழைய சட்டங்களை இதிலிருந்து விலக்கிக்கொண்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2019ல் அதைச் செல்லாது என்றது. அரசு புதிதாகச் சட்டம் இயற்றியது. 2021ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. விளைவு, அந்தச் சட்டங்களின் கீழ் நிலம் போகிற இடங்களில் மதிப்பீடு கட்டாயமில்லை. கேட்பதற்கு ஆளும் போவதில்லை, சொல்வதற்கு இடமும் இல்லை. மானிடவியல் மாணவர்களின் வேலைவாய்ப்பும் விவசாயியின் குரலும் ஒரே கத்தியில் வெட்டப்பட்டன. துறைத் தலைவர்கள் வேலைவாய்ப்பு முகாம் நடத்துவதோடு நிற்காமல் இந்த மாதிரி விஷயத்திலும் பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

2006ன் வன உரிமைச் சட்டம் இன்னொரு வாசல். ஒரு காட்டின் மீது ஓர் ஊருக்குச் சமூக உரிமை உண்டு என்று காட்ட, தேன் எடுக்கும் பாறை எது, கோயில் மரம் எது, கிழங்கு தோண்டும் எல்லை எது என்று வரைபடம் போட வேண்டும். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை பாலாடாவில் இருக்கும் பழங்குடியினர் ஆய்வு மையம் போன்ற அரசு அமைப்புகளிலும், நீலகிரியின் தொண்டு நிறுவனங்களிலும் இப்படிப்பட்ட வேலைகள் இருக்கின்றன. மத்திய அரசில் 1945 முதல் இயங்கும் இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது.

எலும்பு படித்தவர்களுக்கு இன்னொரு உலகம். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி 1983ல் விழுந்ததும், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் புதைகுழிகளைத் தோண்ட அமெரிக்காவிலிருந்து க்ளைட் ஸ்னோ என்ற தடயவியல் மானிடவியலாளர் வந்தார். மூத்தவர்கள் தயங்கியபோது கூட நின்றவர்கள் மாணவர்கள். அவர்களே 1984ல் தனி அமைப்பானார்கள். பிற்பாடு பல நாடுகளுக்குப் போனார்கள். எந்த அரசும் தோண்டிக்கொடுக்காத உண்மையை எலும்பு எலும்பாக எடுத்துத் தாய்மார்களிடம் கொடுத்தார்கள். 2025ல் யாழ்ப்பாணம் செம்மணிப் புதைகுழியில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளும், அவற்றோடு ஒரு பள்ளிப் பையும் பொம்மையும் வெளியே வந்தபோது, தமிழ் பேசும் தடயவியல் மானிடவியலாளர்கள் நம்மிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கேள்விதான் எனக்கு முதலில் எழுந்தது. காத்திருக்கும் அம்மாவிடம் அவள் மொழியிலேயே பிள்ளையின் உயரத்தையும் உடைந்த பல்லையும் கேட்க வேண்டிய வேலை அது.

சரி, இப்போது படித்துக்கொண்டிருப்பவர் என்ன செய்யலாம்? கோட்பாட்டை விட்டுவிடாதீர்கள், வெளியே போனால் அதைத் திரும்பப் படிக்க நேரம் கிடைக்காது. அதோடு புள்ளியியல் கொஞ்சம், வரைபட மென்பொருள் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்தில் எழுதப் பழகுங்கள். இருளர் மொழியோ, படுகர் மொழியோ, தெலுங்கோ, இந்தியோ, வேலை பார்க்கப் போகும் இடத்து மொழி ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்பதில் பாதி போய்விடும். வேலையில் சேரும் முதல் நாளே மூன்று விஷயம் கேளுங்கள்: அறிக்கை யாருக்குச் சொந்தம், அதை வெளியிடலாமா, எந்த மொழியில் வெளியிடுவீர்கள். நில எடுப்புச் சட்டமே மதிப்பீட்டு அறிக்கையை உள்ளூர் மொழியில் ஊராட்சிக்குத் தர வேண்டும் என்று சொல்கிறது, அதனால் இதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

அந்த இருளர் பெண்ணின் கோப்பிலும் அப்படி ஒரு விதி உண்டு. விசாரணை அறிக்கை அவளுக்குப் பாதகமாக இருந்தால், அதன் நகலை அவளிடம் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும் என்று 1994ன் அதே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அவளைப் பற்றி எழுதியதை அவளே எடுத்துவைத்துப் படிப்பாள். ஆயாவுக்கும் வாசித்துக் காட்டுவாள்.